எது லேசு?

"அண்ணே, போக்கர்ல லிமிட்டு, பாட் லிமிட்டு, நோ லிமிட்டுன்னு மூணு வகை இருக்குல்லா. அதுல எதுண்ணே லேசு?"

2022 டிசம்பரில் ஒரு சாயங்காலம் என் சித்தப்பா மகன் கேட்ட கேள்வி இது. வீரகேரளம்புதூரில் சிற்றாற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது, ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்து கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, கொரோனாவில் ஊர் திரும்பி, அப்பாவோடு சேர்ந்து பல்லாரி போட்டுக்கொண்டிருந்தான். நான் பெங்களூரில் ஒரு சீட்டாட்ட ஆப் கம்பெனியில் இரண்டரை வருடம் கோடு எழுதியவன் என்பது குடும்பத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் 'கேம் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதைக் குழந்தைகள் விளையாடும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

அவன் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். அந்தச் சரியான பதில்தான் இத்தனை நாளாக என்னை உறுத்துகிறது.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்வோம். போக்கர் தெரியாதவர்களும் மூணு சீட்டு பார்த்திருப்பீர்கள். குற்றால சீசனில், ஆனி ஆடியில் சாரல் விழும்போது, அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் லாட்ஜ் அறைகளில் வட்டமாக உட்கார்ந்து ஆடும். ஆளுக்கு ஒரு தொகையை நடுவில் போட்டு, மூன்று சீட்டு வாங்கி, பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். சீட்டைப் பார்க்காமல் ஆடுகிறவன் பத்து ரூபாய் போட்டால், பார்த்து ஆடுகிறவன் குறைந்தது இருபது போட வேண்டும். தெரிந்தவன் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்பது விதி. சின்ன வயதில் இந்த விதியைக் கேட்டபோது அநியாயமாகத் தோன்றியது. இப்போது இதைவிட நியாயமான விதியைச் சீட்டாட்டத்தில் நான் பார்த்ததில்லை.

போக்கரிலும் சீட்டு, சுற்று, பந்தயம் என்ற வரிசைதான். வகைகள் பிரிவது எவ்வளவு ஏற்றலாம் என்பதில். லிமிட் ஆட்டத்தில் தொகை முன்கூட்டியே முடிவானது. முதல் இரண்டு சுற்றில் பத்து என்றால் பத்து, அடுத்த இரண்டு சுற்றில் இருபது என்றால் இருபது. ஒரு சுற்றில் எத்தனை தடவை ஏற்றலாம் என்பதற்கும் வழக்கமாக வரம்பு உண்டு. பாட் லிமிட்டில் நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறதோ அதுதான் உச்சம். நடுவில் பத்து இருந்தால் நான் பத்து போடலாம். எதிராளியும் போட்டால் முப்பது. அடுத்த சுற்றில் முப்பது போட்டால் தொண்ணூறு. அதற்கடுத்து இருநூற்றெழுபது. ஒவ்வொரு சுற்றுக்கும் மும்மடங்கு. நோ லிமிட்டில் என் முன்னால் இருக்கும் மொத்தத்தையும் எந்த நொடியிலும் உள்ளே தள்ளலாம்.

இது சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். அப்படியில்லை. நடுவில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிமிட்டில் எதிராளி பத்து போடுகிறார். நான் பத்து போட்டு நூற்றிப்பத்தைப் பிடிக்கப் பார்க்கிறேன். பன்னிரண்டு தடவையில் ஒரு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. அதனால் சுமாரான சீட்டை வைத்துக்கொண்டும் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம், என்னை யாரும் மிரட்டி எழுப்ப முடியாது. பாட் லிமிட்டில் எதிராளி நூறு போட்டால் மூன்றில் ஒரு தடவையாவது நான் ஜெயித்தாக வேண்டும். நோ லிமிட்டில் அவர் தொள்ளாயிரத்தைத் தள்ளினால் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு தடவை. அங்கே என் சீட்டு என்ன என்பதைவிட என் நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

எது கடினம் என்பதை எங்கள் துறைக்காரர்கள் ஒரு வழியில் அளந்து பார்த்துவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கின் குழு எழுதிய 'செஃபியஸ்' என்ற நிரல், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தைத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் 3-ஐ அடுத்து 17 சுழிகள் போட்டால் வரும் எண்ணுக்குச் சற்று மேல். 4,800 பிராசஸர்கள் 68 நாள் ஓடின. முடிவில், ஒரு மனிதன் ஆயுள் முழுக்க ஆடினாலும் அதன் பிழையைக் கண்டுபிடித்து ஜெயிக்க முடியாது என்ற இடத்துக்கு அது வந்து நின்றது.

அதே இருவர் ஆட்டத்தை நோ லிமிட்டாக மாற்றினால் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் 1-ஐ அடுத்து ஏறத்தாழ 160 சுழிகளாகின்றன. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டுகூடக் கூடவில்லை. 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற ஒரே ஒரு அனுமதிதான் கூடியது. அதையும் முழுக்கத் தீர்க்காமலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராட்டஸ்' 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடித் தோற்கடித்தது.

ஆற்றங்கரையில் நான் சொன்ன பதில் இதன் சுருக்கம். "லிமிட்ட மெஷின் முடிச்சிட்டுல. நோ லிமிட்டுலதான் ஆளுக்கு இன்னும் இடம் இருக்கு. ஆனா கஷ்டம். நல்ல மூள வேணும்."

கஷ்டம், மூளை வேணும். இந்த இரண்டும் அவன் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் 'கஷ்டம்' என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. கஷ்டமான பரீட்சை, கஷ்டமான குரூப், கஷ்டமான இன்டர்வியூ. கஷ்டமாக இருப்பதாலேயே அது மதிப்புள்ளது, அதைத் தாண்டினவன் ஆள். நானே அந்த நம்பிக்கையில்தான் இன்ஜினியரிங் படித்தேன். எச்சரிக்கை என்று நினைத்து நான் சொன்னதை அவன் அழைப்பாக எடுத்துக்கொண்டான். ஏழு மாதத்தில் 2,40,000 ரூபாய் போனது. பல்லாரி விற்ற காசு, உரக்கடைக்குக் கொடுக்க வேண்டியது, சித்தியின் நகையை அடகு வைத்தது.

அவன் மட்டுமல்ல, நீதிமன்றங்களும் கஷ்டத்துக்கு மரியாதை கொடுத்திருக்கின்றன. 1968-இல் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், சேர்ப்பதிலும் கழிப்பதிலும் திறமை வேண்டும், ஆகவே மூணு சீட்டைப் போன்றதல்ல என்று பிரித்தது. 1996-இல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டமானது. தமிழ்நாடு ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தபோது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்திருத்தத்தை ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022 ஜூனில் அறிக்கை வந்து, புதுச் சட்டம் இயற்றப்பட்டது. ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் சொல்லியே அதன் அட்டவணையில் சேர்த்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்கவிட்டு, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது.

அரை நூற்றாண்டாக ஒரே கேள்விதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? என் தம்பி கேட்டதும் அதே கேள்விதான், வேறு வார்த்தையில்.

இந்தக் கேள்வியில் ஒரு கோணல் இருக்கிறது. நோ லிமிட்டை ஆழமான திறமை ஆட்டமாக்குவது எது? எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்ற அனுமதி. ஒரே ராத்திரியில் ஒருவனை ஒன்றுமில்லாமல் ஆக்குவது எது? அதே அனுமதி. கஷ்டத்தைக் கூட்டுகிற அதே கை ஆபத்தையும் கூட்டுகிறது. திறமை இருக்கிறது, ஆகவே பாதகமில்லை என்று சொல்லும்போது, ஆட்டத்தின் குணத்தைக் காட்டிப் பந்தயத்துக்கு நற்சான்றிதழ் வாங்குகிறோம். செஸ் எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினமான ஆட்டத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்தாலும் வைத்தது பத்திரம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறமை ஆட்டம் என்றால் திறமை குறைந்தவன் தோற்பது உறுதி என்று அர்த்தம். அதிர்ஷ்ட ஆட்டத்திலாவது புதிதாக வந்தவனும் பழம் தின்று கொட்டை போட்டவனும் சமம். திறமை என்ற வாதம் என் தம்பியைக் காப்பாற்றும் வாதமே அல்ல.

அப்படியென்றால் லிமிட்தான் ஒழுக்கமான வகையா? கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். வரம்பு வைத்துவிட்டால் போதும், மனிதன் தப்பித்துக்கொள்வான் என்று. ரம்மி அந்த நம்பிக்கையை உடைத்தது. ஆப்பில் ஆடும் பாயின்ட்ஸ் ரம்மி ஒரு வகையில் லிமிட் ஆட்டம். ஒரு கையில் அதிகபட்ச இழப்பு 80 புள்ளிகள், புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று முன்பே தெரியும். அதைத் தாண்டி ஒரு பைசா போகாது. ஆனாலும் தமிழ்நாட்டில் வீடுகள் சரிந்த செய்திகளில் நாம் அதிகம் கேட்ட பெயர் போக்கர் அல்ல, ரம்மிதான். ஒரு கைக்கு வரம்பு இருந்தது, கைகளின் எண்ணிக்கைக்கு இல்லை. நோ லிமிட் ஒரே அடியில் செய்வதை லிமிட் நூறு கிள்ளலில் செய்துவிடும். கிள்ளல் என்பதால் வலி தெரிவதும் தாமதமாகும்.

இங்கேதான் போக்கரின் பழைய விதி ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. டேபிள் ஸ்டேக்ஸ் என்பார்கள். நோ லிமிட் என்று பெயர் வைத்திருந்தாலும், ஒரு கை தொடங்கும்போது மேசையில் என் முன்னால் எவ்வளவு இருந்ததோ அதை மட்டுமே நான் வைக்க முடியும். நடுவில் சட்டைப்பைக்குள் கை விடக் கூடாது. வாட்சைக் கழற்றி வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் வரவழைக்கக் கூடாது. எல்லையே இல்லை என்று பெருமை பேசும் ஆட்டம்கூட, மேசைக்கு வெளியே இருப்பது ஆட்டத்தில் இல்லை என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு இல்லாமல் அந்த ஆட்டத்தை ஆடவே முடியாது என்பது ஆடினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அஸ்தினாபுரத்துச் சபையில் அந்தக் கோடு இல்லை. தருமன் முத்தையும் பொன்னையும் நாட்டையும் இழந்த பிறகு மேசை காலி. அங்கே எழுந்திருக்க வேண்டியவன், நகுலனை, சகதேவனை, அர்ச்சுனனை, பீமனை, பிறகு தன்னையே எடுத்து வைத்தான். கடைசியில் பாஞ்சாலியை. அவள் சபையில் கேட்டது நமக்கெல்லாம் தெரிந்த கேள்வி. தன்னை இழந்த பிறகு என்னை வைத்தாரா, அதற்கு முன்பா? சட்டப் புத்தகக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் அவள் கேட்டது இதுதான்: நான் எப்போது மேசைக்கு வந்தேன், யார் கொண்டுவந்தது? சகுனியின் காய் கள்ளமா, தருமனுக்கு ஆட்டம் தெரியுமா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். திறமையா அதிர்ஷ்டமா என்று அவள் கேட்கவே இல்லை. பீஷ்மருக்குப் பதில் வரவில்லை.

சித்தியின் நகை எப்போது மேசைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி சுரண்டைக்குப் போய் அதை அடகு வைத்த நாளில் அல்ல. அதற்கு முன்பே. பெங்களூரில் நாங்கள் எழுதிய நிரலில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. உங்கள் முன்னால் இருக்கும் தொகை குறைந்தால், அடுத்த கைக்கு முன் கணக்கிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளலாம். டேபிள் ஸ்டேக்ஸ் விதியை அது மீறவில்லை, ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவில்தான் நிரப்பும். கணக்கில் இல்லையென்றால் பக்கத்திலேயே பணம் சேர்க்கும் பொத்தான், அதை அழுத்தினால் யுபிஐ. அந்தக் கட்டத்தில் டிக்கை முன்கூட்டியே போட்டு வைக்கலாமா என்று ஒரு மீட்டிங்கில் கேட்டார்கள். வைக்கலாம் என்றேன். ஒரு வரி மாற்றம். 'ஃபால்ஸ்' என்று இருந்ததை 'ட்ரூ' ஆக்கினேன். சாப்பிடப் போனோம்.

யாரும் தீய நோக்கத்தோடு பேசவில்லை. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கம்பெனிக்கு ஒரு பங்கு வரும். யார் ஜெயிக்கிறார்கள் என்பது கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல, கை நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். தம்பி அந்த ஆப்பில் ஆடவில்லை, வேறொன்றில்தான் ஆடினான். அதிலும் அந்தக் கட்டம் இருந்தது. டிக் போட்டே இருந்தது.

2023 ஆகஸ்டில் விஷயம் வீட்டில் வெளியானபோது அவன் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் ஒரு வாதம் வைத்தான். "பல்லாரி போடுறது மட்டும் என்னண்ணே? அதுவும் சூதாட்டந்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்ல ஒரு வருசம் மூட்டைக்கு நல்ல வெல கெடைக்கும், மறு வருசம் அறுக்குற கூலிக்குத் தேறாது. அத யாரும் தப்புன்னு சொல்லலியே."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. விவசாயம் உணவைத் தருகிறது, சூது எதையும் தருவதில்லை என்று சொல்லலாம். உண்மைதான், ஆனால் விலை கிடைக்காத வருடத்தில் அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு யோசித்ததில் பட்டது வேறு. பல்லாரியிலும் இழக்கலாம், பெரிதாகவே இழக்கலாம். ஆனால் வயல் ரெண்டு ஏக்கர்தான், அதற்கு மேல் நட இடமில்லை. நட்டுவிட்டால் அறுக்க நாலு மாதம் ஆகும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இன்னொரு தடவை நட முடியாது. தோற்றவனுக்கு அடுத்த பந்தயம் வரை மழையும் வெயிலும் நடுவில் நிற்கின்றன. மனைவி கேட்பாள், உரக்கடைக்காரர் கேட்பார், அப்பா வரப்பில் நின்று திட்டுவார். அந்த நாலு மாதமும் ஒரு வரம்பு. ஆப்பில் ஒரு கைக்கும் அடுத்ததற்கும் நடுவில் யாரும் நிற்பதில்லை. நின்றிருக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில்தான் நாங்கள் டிக் போட்டோம்.

இப்போது பார்க்கும்போது, கஷ்டம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருந்திருக்கின்றன. ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம்? எழுந்து போவது எவ்வளவு கஷ்டம்? முதல் கேள்விக்கு 160 சுழிகள் வரை எண்ணிவிட்டோம். இரண்டாவதை எண்ண யாரும் 4,800 பிராசஸர்களை ஓட்டவில்லை. வள்ளுவர் சூதுக்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார், 94-ஆவது. அது தோற்பவனிடமிருந்து தொடங்குவதில்லை, ஜெயித்தாலும் வேண்டாம் என்று ஜெயிப்பவனிடமிருந்து தொடங்குகிறது. அவர் கவலைப்பட்டதும் இரண்டாவது கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். ஜெயிப்பவனுக்குத்தான் எழுந்து போவது ஆகக் கடினம்.

அரசும் மெல்ல இந்த இரண்டாவது கேள்விக்கு வந்தது. 2025-இல் தமிழ்நாடு வகுத்த விதிமுறைகள் ஆட்டத்தின் திறமையைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பணம் வைத்து ஆடக் கூடாது, நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்குத் தொகை வரம்பு வேண்டும், நெடுநேரம் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும் என்றன. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. முழுத்தடை சரியா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. வயது வந்தவன் தன் காசைத் தோற்க உரிமை உள்ளவன் என்று எனக்குள் ஒருவன் வாதாடிக்கொண்டேதான் இருக்கிறான். ஆனால் அவன் தோற்றது தன் காசை மட்டும்தானா என்று பாஞ்சாலி கேட்கும்போது அவனும் பீஷ்மர் மாதிரி உட்கார்ந்துவிடுகிறான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தம்பியிடம் அந்த டிக் விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக. ஆற்றங்கரையில் அவன் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது அதுதான். எது லேசு என்று கேட்டவனிடம், "எதுவும் லேசில்லல. நீ எந்திரிச்சுப் போகாம இருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்று ஒரு வரி. செஃபியஸ் பற்றி வாய் ஓயாமல் பேசினேன், இதைச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. அவன் சீட்டைப் பார்க்காமல் ஆடினான், நான் பார்த்துவிட்டு ஆடினேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொல்லிருந்தாலும் நான் ஆடிருப்பேம்ண்ணே" என்றான். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னான் என்று தெரிந்தது. இருக்கலாம். ஆனால் அது அவன் கணக்கு. என் கணக்கில் அதைக் கழிக்க முடியாது.

நகையைத் திருப்பப் பாதிப் பணம் நான் தருகிறேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். எதுக்குப்பா நீ தரணும் என்று கேட்டாள். அவளிடம் இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை. அவள் 'கேம் கம்பெனி' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த தடவை போகும்போது சொல்ல வேண்டும். மூணு சீட்டின் விதிப்படி பார்த்தால் பாதி போதாது.